ஹக்கோனேயா, கினோசாக்கியா? குளியலறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அம்மா நாகப்பட்டினத்திலிருந்து கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள். "அத்தையை ஒரு ராத்திரியாவது ரியோகான்ல தங்க வைக்கணும். ஹக்கோனேயா, கினோசாக்கியா?"

ரியோகான் என்றால் ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. ஹக்கோனேயும் கினோசாக்கியும் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர்கள். நாங்கள் டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். ஹக்கோனேக்கு முந்தைய வருடமே போய் வந்தாயிற்று. கினோசாக்கி எங்களுக்குப் புதிது. ஒரு வாரம் இழுபறிக்குப் பிறகு அங்கே போனோம். இப்போது யார் கேட்டாலும் நான் கினோசாக்கி பக்கம்தான் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவை எல்லோருக்கும் தெரிந்ததே. பாய் விரித்த தத்தாமி அறை, நாம் சாப்பிடும் நேரத்தில் யாரோ வந்து விரித்து வைக்கும் ஃபூத்தோன் படுக்கை, அணிந்துகொள்ள யுகாதா என்ற மெல்லிய அங்கி. யுகாதாவுக்கு இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டினால் இறந்தவருக்கு உடுத்தும் முறை ஆகிவிடும். கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. முதல்முறை பதிவு செய்பவர்கள் பலரும் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

தூரத்தில் ஹக்கோனேக்கே வெற்றி. ஷின்ஜுக்குவிலிருந்து ரொமான்ஸ்கார் விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹக்கோனே யுமோத்தோ. கினோசாக்கிக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோட்டோ போய், அங்கிருந்து இன்னும் இரண்டரை மணி நேரம் மலைகளுக்கு நடுவே ஜப்பான் கடல் பக்கம் போக வேண்டும். சுற்றிப் பார்ப்பதிலும் ஹக்கோனேதான்: முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி ஏறும் மலை ரயில், ஆஷி ஏரி, ஓவாகுதானியின் கந்தகப் புகை, ஒன்று தின்றால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்று விற்கும் கறுப்பு முட்டை. கினோசாக்கியில் ஒரு சின்ன ஆறு, கரையில் வில்லோ மரங்கள், கல் பாலங்கள், மலைமேல் ஒரு கோயில், அதற்கு ஒரு ரோப்வே. அவ்வளவுதான்.

தண்ணீரில்கூட ஹக்கோனேதான். அங்கே ஒரு பகுதியில் தெளிந்த நீர், இன்னொரு பகுதியில் கந்தக வாசனையோடு பால் மாதிரி நீர். கினோசாக்கியில் எந்தக் குளியல் இல்லத்துக்குப் போனாலும் லேசாக உப்புக் கரிக்கும் அதே தண்ணீர்.

அப்புறம் ஏன் கினோசாக்கி? ஒரே காரணம்தான். ஹக்கோனேயில் குளியல் விடுதிக்குள் இருக்கிறது. கினோசாக்கியில் ஊருக்குள் இருக்கிறது.

இது சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஹக்கோனேயில் எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். அன்றைக்குக் காற்று அதிகம் என்று ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். மாற்றுப் பேருந்துக்கு வரிசையில் நின்று விடுதி போய்ச் சேர ஏழு மணி. ரியோகானில் மூன்று மணிக்கே அறை கொடுத்துவிடுவார்கள், ஆறு, ஆறரைக்கு இரவு உணவு, மறுநாள் பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். நாங்கள் போனபோது சாப்பாடு காத்துக்கொண்டிருந்தது, பரிமாறும் பெண்ணின் சிரிப்பில் அவசரம் தெரிந்தது. எங்கள் பெயரில் எழுதி வைத்திருந்த தனிக்குளியலின் நாற்பத்தைந்து நிமிடமும் போயிருந்தது. பொதுக்குளியல் சின்னது, அன்றைக்குக் கூட்டம். வெளியே போகலாம் என்றால் மலைச்சாலை, இருட்டு, கடைகள் எல்லாம் மூடியாயிற்று. அந்த விடுதி எப்படியோ, அந்த இரவும் அப்படித்தான்.

ஆக, ஹக்கோனேயில் நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் குளியலுக்குத்தான். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி வேண்டுமென்றால் விலை சட்டென்று மேலே போகும். குறைந்த விலை அறை எடுத்தால் குளியலும் அதற்கேற்றதுதான்.

கினோசாக்கியில் சோத்தோயு எனப்படும் ஏழு ஊர்க் குளியல் இல்லங்கள் உண்டு. எந்த விடுதியில் தங்கினாலும், அது எவ்வளவு சின்னதானாலும், எல்லாவற்றுக்கும் இலவச அனுமதி. ரயில் நிலையம் வாசல், தெரு தாழ்வாரம், விடுதிகள் அறைகள், குளியல் இல்லங்கள் குளியலறை என்று மொத்த ஊரையும் ஒரே ரியோகானாகச் சொல்வது அங்கே வழக்கம். இது பிற்பாடு யாரோ யோசித்த விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கே இருக்கிறது. 1925 மே மாத நிலநடுக்கத்திலும் தீயிலும் ஊர் அழிந்தது. திரும்பக் கட்டும்போது ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் அமைக்க, ஊர் கொதித்துவிட்டது. வெந்நீர் எல்லோருக்கும் பொது, ஒவ்வொருவரும் உள்ளே இழுத்துக்கொண்டால் தெருவில் யார் நடப்பார்கள் என்பது ஊராரின் வாதம். நீதிமன்றப் படியேறி, சமரசத்தில் முடிய 1950 ஆகிவிட்டது. உட்குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவு கட்டுப்பாட்டோடு. இன்றைக்கும் விடுதிக் குளியல்கள் அங்கே சின்னதாக இருப்பதற்கும், சாயங்காலம் தெரு முழுக்க யுகாதா நடமாடுவதற்கும் காரணம் அதுதான்.

இதனால் பணப்பைக்கு லாபம். குளியலுக்காக விலை உயர்ந்த விடுதி தேட வேண்டியதில்லை. நாங்கள் எட்டே அறை கொண்ட பழைய மர வீடு ஒன்றில் தங்கினோம். படி ஏறினால் கிறீச்சிடும். பக்கத்துப் பெரிய விடுதிக்காரர்களும் நாங்களும் உட்கார்ந்தது ஒரே தொட்டியில்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உடுப்பு எதுவும் இல்லாமல் பொதுவில் குளிப்பது என்று கேட்டதுமே, "ஏன் தம்பி, நான் ரூமிலயே இருந்துக்கறேனே" என்றார். இந்த ஒரு விஷயத்தில் ஹக்கோனே தனிக்குளியல் நல்லது என்று நானும் நினைத்தேன். ஆனால் எங்களுக்கு இன்னொரு கவலை இருந்தது. அம்மாவின் முன்கையில் சின்ன வயதில் பச்சை குத்திய கோலம் உண்டு, இப்போது மங்கி நீலமாகக் கிடக்கிறது. பச்சை என்றால் ரவுடிக் கும்பல் அடையாளம் என்று ஜப்பானில் பல வெந்நீர்க் குளியல்களில் பச்சை குத்தியவர்களை உள்ளே விட மாட்டார்கள். எழுபது வயது அம்மாவை ரவுடி லிஸ்டில் வைத்து வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? கினோசாக்கியின் ஊர்க் குளியல்களில் அந்தத் தடை இல்லை. முடிவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

முதலில் தெருவோரக் கால் குளியலில் பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நவம்பர் கடைசி, நல்ல குளிர், யுகாதாவுக்கு மேல் கனத்த மேலங்கி. எதிரே பாட்டிகள் கூட்டமொன்று கெத்தா எனும் மரச் செருப்பில் சத்தம் எழுப்பிக்கொண்டு, சிவந்த முகத்தோடு ஒரு குளியலிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அரை மணி நேரம் பார்த்தார். "இவ்ளோ பேரு போறாங்க, என்ன ஆயிடப் போவுது" என்று எழுந்து மனைவியோடு உள்ளே போனவர், வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் யாரையும் பார்க்கவில்லையாம். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்ள ஒரு பாட்டி சைகையில் சொல்லிக் கொடுத்தாராம். ஹக்கோனேயில் தனித்தொட்டியில் இறக்கி விட்டிருந்தால் இந்தப் பாட்டி கிடைத்திருக்க மாட்டார்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே நண்டுக் காலம். காலில் துறைமுகப் பெயர் வில்லை கட்டிய நண்டு வரும், விலையும் ஏறும். அம்மா நண்டை உடைத்த வேகத்தில் பரிமாறிய பெண் கை தட்டிவிட்டார். "ருசிதான், ஆனா மிளகு இல்லாம என்ன நண்டு" என்பது அம்மாவின் தீர்ப்பு. சைவர்கள் இரண்டு ஊரிலும் கவனம்: காய்கறி மட்டும் என்றாலும் சாற்றில் மீன் இருக்கும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள், முடியாது என்றால் உணவில்லாத சுதோமாரி அறை எடுத்துவிடுங்கள். அதிலும் கினோசாக்கிக்கு ஒரு சாதகம், விடுதி ஊருக்கு நடுவே இருப்பதால் வெளியே போய் எதையாவது தேடலாம்.

என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஹக்கோனேயில் நான் தங்கியது ஒரே ஓர் இரவு, நடுத்தர விடுதி, மோசமான வானிலை. அறையிலேயே திறந்தவெளித் தொட்டி இருக்கும் விடுதியில் நான் தங்கியதில்லை. புதுமணத் தம்பதிக்கு அது வேறு கணக்காக இருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு கெத்தாவில் நடை கஷ்டம், அம்மாவே இரண்டாம் நாள் செருப்புக்கு மாறிவிட்டார். டோக்கியோவில் மொத்தமே நான்கு நாள் இருப்பவர்கள் கினோசாக்கிக்கு ஓடுவதில் அர்த்தமில்லை, ஹக்கோனே போங்கள். கியோட்டோ, ஒசாக்கா வரை வருகிறவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளியல் இல்லம் திறக்கும் முன்பே போய் நின்றேன். முதல் ஆளுக்கு நினைவாக ஒரு வில்லை தருவார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர். பத்து மணிக்கு அறையைக் காலி செய்வதற்குள் நாங்கள் முடித்தது நான்கு குளியல், ஒன்றுக்கு அன்று வார விடுமுறை. ரயில் கிளம்பியதும் அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இன்னும் மூணு குளம் பாக்கி இருக்கு தம்பி. அடுத்த தடவை லீவு எந்தக் கிழமைன்னு கேட்டுட்டு வா."