கைத்தட்டல் முந்திக்கொண்டது: டி.வி. பதிவுகளின் ஒலிக்கோளாறுக்கு எந்த மென்பொருள்?

கார்த்திகை மழையில் பதிவான நாகஸ்வரக் கச்சேரி அது. கட்டணமில்லா டிஷ், செட்டாப் பாக்ஸில் செருகிய பென் டிரைவ், ஒன்றரை மணி நேரப் பதிவு. எம்பி4 ஆக மாற்றி மாமாவுக்குக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், தவில்காரரின் தனி ஆவர்த்தனம் தீர்மானம் என்ற முத்தாய்ப்போடு முடியும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, தீர்மானம் முடிந்து கைத்தட்டலே வந்துவிட்டது. இவர் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறாரே!”

வேடிக்கை என்னவென்றால், பென் டிரைவில் இருந்த அசல் கோப்பில் இந்தக் கோளாறு இல்லை. மாற்றிய கோப்பில் மட்டும்தான். டி.வி. பதிவுகளில் அடிக்கடி நடப்பது இது. காரணம் தெரிந்தால்தான் எந்த மென்பொருள் எதற்கு என்பது விளங்கும்.

டி.வி. ஒளிபரப்பு டி.எஸ். கோப்பாகப் பதிவாகிறது. 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசை அது. படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியே நேரக்குறிகள் உண்டு. மழையில் சிக்னல் அறுந்தால் நடுவில் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். விஎல்சி போன்ற பிளேயர் நேரக்குறியைப் பார்த்து, ஒலி இல்லாத இடத்தில் மௌனமாக இருந்துவிட்டுச் சரியான இடத்தில் தொடரும். மாற்றும் மென்பொருள் நேரக்குறியைப் பொருட்படுத்தாவிட்டால், மிஞ்சிய ஒலியை இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடும். படம் நேரத்தோடு நடக்கும். ஒலி ஒவ்வோர் அறுப்பிலும் கொஞ்சம் முந்தும். என் கோப்பில் ஏழு இடங்களில் மழை புகுந்திருந்தது. முடிவுக்கு வரும்போது ஒலி இரண்டு விநாடிக்கு மேல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஒலி பின்தங்கினால் மனிதக் காது ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. ஒளிபரப்புத் துறையினர் வைத்திருக்கும் ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பின்தங்கினால் 125 வரை தெரியாது. பிராகாரத்தின் அந்தக் கோடியில் அடிக்கும் தவில் நம் காதுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது, அது பழகியது. அடிக்கு முன்பே சத்தம் வருவது இயற்கையில் இல்லாத சங்கதி.

மென்பொருளைத் தேடும் முன் கோப்பைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பாருங்கள். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லி விநாடி அளவில் முன்னும் பின்னும் நகர்த்தும். மூன்று இடத்திலும் ஒரே அளவு நகர்த்தினால் சரியாகிறதா? அது நிலையான பிசகு. அளவு ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகிறதா? நழுவல். திடீர் திடீரென்று தாவுகிறதா? அறுப்பு. எனக்கு வந்தது மூன்றாவது.

நிலையான பிசகுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்து, தாமதம் என்ற கட்டத்தில் மில்லி விநாடியை எழுதி எம்கேவி கோப்பாகச் சேமித்தால் முடிந்தது. ஏவிடெமக்ஸிலும் ஒலியை நகர்த்தும் பெட்டி முகப்பிலேயே உண்டு. இரண்டிலும் படத்தைத் தொடவே வேண்டியதில்லை. தாவும் பிசகுக்கு இதைப் பூசிப் பார்ப்பவர்கள் உண்டு. தொடக்கம் சரியானால் முடிவு கெடும், முடிவு சரியானால் தொடக்கம் கெடும். நானும் ஒரு மாலைப் பொழுதை அப்படித்தான் தொலைத்தேன்.

அறுப்புக்கு உண்மையான போட்டி மூவருக்குள்தான்: புராஜெக்ட்-எக்ஸ், எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக்.

புராஜெக்ட்-எக்ஸ் ஜாவாவில் எழுதிய பழைய இலவச மென்பொருள். முகப்பைப் பார்த்தால் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறை போல இருக்கும். ஆனால் இந்த ஒரு வேலைக்காகவே பிறந்தது அது. கோப்பைப் படம், ஒலி என்று பிரித்து, படத்தின் நேரத்தோடு ஒலியை ஒத்துப்பார்த்து, குறைகிற இடத்தில் வெற்று ஒலிச் சட்டகங்களை, அதாவது ஒலியின் சிறு துண்டுகளை, செருகுகிறது. எங்கே எத்தனை செருகினேன் என்று கணக்கும் எழுதிவைக்கிறது. என் கோப்பின் ஒலி எம்பி2 வகை. 48 கிலோஹெர்ட்ஸில் அதன் ஒரு சட்டகம் 24 மில்லி விநாடி. கணக்கில் மொத்தம் 88 சட்டகங்கள் இருந்தன. பெருக்கிப் பார்த்தால் 2112 மில்லி விநாடி. மாமா பிடித்த தவறு அச்சொட்டாக அங்கே எழுதியிருந்தது. மௌனத்துக்குப் பதில் கடைசிச் சட்டகத்தையே திருப்பி நிரப்பவும் ஒரு வசதி உண்டு. நாகஸ்வரத்தில் அதைச் செய்யாதீர்கள். நீண்ட கார்வையின் நடுவே மாவு மெஷின் சத்தம் கேட்கும்.

இதன் பெரிய குறை, எம்பெக்-2 என்ற பழைய சுருக்கமுறைப் படத்தோடு இதன் எல்லை முடிந்துவிடுகிறது. எச்.264 என்ற பிந்தைய சுருக்கமுறையில் வரும் எச்.டி. சேனல் பதிவுகளை இதனிடம் கொண்டுபோகக் கூடாது. பிரித்த படத்தையும் ஒலியையும் மறுபடி ஒன்றுசேர்க்க எம்கேவி டூல்நிக்ஸ் வேண்டும் என்பது சின்ன எரிச்சல்.

எஃப்எஃப்எம்பெக்குக்கு அந்த எல்லை இல்லை. எந்த வகைப் படத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் முகப்பு கிடையாது, கட்டளைதான். படத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லி, ஒலியை மட்டும் மறுகுறியாக்கம் செய்ய, அதாவது பிரித்து மீண்டும் சுருக்க, வேண்டும். அப்போது ஏரீசாம்பிள் (aresample) என்ற வடிகட்டியில் ஏசிங்க் (async) அளவை 1 என்று வைக்க மறக்கக் கூடாது. எங்கிருந்தோ எடுத்துவைத்திருந்த என் பழைய கட்டளையில் இந்த ஒன்றுதான் இல்லை. கைத்தட்டல் முந்தியது அதனால்தான். 1 என்றால் இடைவெளியை மௌனத்தால் நிரப்பும், மிகையை வெட்டும்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். பிசகு பத்தில் ஒரு விநாடியைத் தாண்டினால்தான் நிரப்பும் வேலை தொடங்கும். வழக்கமான அமைப்பு அது. ஒலி முந்துவதில் 45 மில்லி விநாடிக்கே கண் உறுத்தும் என்று பார்த்தோம். ஆகவே அந்த வரம்பை 0.04 விநாடிக்கு, அதாவது நம் ஊர் 25 சட்டகப் படத்தின் ஒரு சட்டக நீளத்துக்கு, இறக்கிவிடுவது நல்லது. இரண்டாவது, பல இடங்களில் ஏசிங்க் 1000 என்று எழுதச் சொல்கிறார்கள். 1000 என்றால் விநாடிக்கு 1000 மாதிரிகள் வரை ஒலியை இழுக்கவோ சுருக்கவோ அனுமதி. ஒலி என்பது விநாடிக்கு 48,000 மாதிரிகளாக, அதாவது அளவெடுத்த புள்ளிகளாக, பதிவாகியிருக்கிறது. 48,000 இல் 1000 என்பது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஸ்ருதி நகர்ந்துவிடும். செய்தி வாசிப்பில் யாருக்கும் தெரியாது. கச்சேரியில் ஸ்ருதி பிடிக்கும் ஒத்து சற்றே தொய்ந்து மீள்வது போலக் கேட்கும். பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் சீரான நழுவலுக்குத்தான் இந்த இழுப்பு ஏற்றது. அங்கே இரு கடிகாரங்களுக்கு இடையில் 0.01 சதவீத வேறுபாடு இருந்தாலே 90 நிமிடத்தில் அரை விநாடி சேர்ந்துவிடும். அதைச் சரிசெய்யத் தேவைப்படும் இழுப்போ காதுக்கு எட்டாத அளவு.

ஹேண்ட்பிரேக் மூன்றிலும் எளிது. கோப்பை இழுத்துப்போட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். நேரக்குறிகளைத் தானே கவனித்து, விடுபட்ட ஒலிக்கு மௌனமும் நிரப்பிக்கொள்கிறது. பிறகு ஏன் அதை முதலில் சொல்லவில்லை என்றால், அது படத்தை நகலெடுக்காது. எப்போதும் மறுகுறியாக்கம்தான் செய்யும். ஏற்கெனவே ஒளிபரப்பில் கசங்கி வந்த படத்தை, ஒலிக்காக இன்னொரு முறை ஏன் கசக்க வேண்டும்? செருகிய இடங்களின் கணக்கையும் புராஜெக்ட்-எக்ஸ் போல எடுத்துக்காட்டாது. கோப்பின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும், பென் டிரைவில் இடமில்லை என்பவர்களுக்கு இதுவே போதும். எடிட்டிங் மென்பொருளுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் சட்டக வேகத்தை நிலையானது என்று மாற்றிவிடுங்கள். மாறும் வேகக் கோப்புகளைச் சில எடிட்டர்கள் சரியாகக் கையாளாமல் புதிதாக ஒரு நழுவலை உண்டாக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. பல மொழி ஒலித்தடங்களோடு வரும் சேனல்களில், சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் அதிக ஒலிவழிகள் கொண்ட தடத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் தடம் ஸ்டீரியோவாகவும் மற்றொன்று 5.1 ஆகவும் (ஆறு ஒலிவழிகள்) இருந்தால் மாற்றிய படம் வேறு மொழி பேசும். அது கோளாறு அல்ல, தடத்தை நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் தேர்வு: எம்பெக்-2 பதிவு என்றால் புராஜெக்ட்-எக்ஸ், மற்றவற்றுக்கு எஃப்எஃப்எம்பெக். ஹேண்ட்பிரேக்கை அதற்குப் பிறகு, சுருக்குவதற்கு மட்டும் எடுக்கிறேன். சரிசெய்த கோப்பு சரியென்று தெரியும் வரை அசல் டி.எஸ். கோப்பை அழிப்பதில்லை.

கச்சேரியை மறுபடி மாமாவுக்குப் போட்டுக்காட்டினேன். கடைசித் தீர்மானத்தில் கையும் அடியும் ஒன்றாக இறங்கின. மழை அறுத்த ஏழு இடங்களில் மட்டும் கணநேர மௌனம். நான்காவது மௌனத்தில் மாமா தொடையில் தாளம் போட்டபடியே இருந்தார். ஒலி திரும்பியபோது தாளம் தொடங்கும் சமத்தில் இருந்தார்.