ரிக்குகியென் தோட்டமும் அங்க குடிச்ச டீயும்: கொழுந்து கிள்ளுன அம்மாவ கூட்டிட்டு போனேன்

போன நவம்பர் கடைசில அம்மாவ தோக்கியோ கூட்டிட்டு போயிருந்தேன். நாங்க மலேசியாவுல கேமரன் மலை ரிங்லெட்காரங்க, அம்மா அங்க தேயிலைத் தோட்டத்துல 30 வருஷத்துக்கு மேல கொழுந்து கிள்ளுனவங்க, ஜப்பான்ல என்னம்மா பாக்கணும்னு கேட்டா டவரும் வேணாம் ஷாப்பிங்கும் வேணாம் அவங்க டீய எப்படி குடிக்கிறாங்கன்னு பாத்தா போதும்னு சொல்லிட்டாங்க. அப்படி தேடி புடிச்ச எடம்தான் தோக்கியோவுல இருக்கற ரிக்குகியென் தோட்டம். திரும்பி வந்ததுலேர்ந்து கோயில்லயும் பசார் மாலாம் ராத்திரி சந்தைலயும் பாக்கறவங்கல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

யாமானோத்தே ரயில்ல கோமாகோமே ஸ்டேஷன்ல எறங்கி நடக்கணும், பத்து நிமிஷம் கூட ஆகாது. டிக்கெட் 300 யென், நம்ம மலேசியக் காசுக்கு பத்து வெள்ளிக்குள்ள. 65 வயசுக்கு மேலன்னா பாதிதான், அம்மாவுக்கு 150.

1702ல கட்டி முடிச்ச தோட்டம் இது. யானாகிசாவா யோஷியாசுன்னு ஒரு பிரபு, அப்ப நாட்ட ஆண்ட படைத்தலைவர், அஞ்சாவது ஷோகுன் சுனாயோஷிக்கு ரொம்ப வேண்டியவரு, ஏழு வருஷம் செலவழிச்சு குளம் வெட்டி மேடு போட்டு, பழைய ஜப்பான் கவிதைங்கள்ல வர்ற 88 காட்சிய உள்ளுக்குள்ளயே அமைச்சிருக்காரு. நம்ம குறிஞ்சி மலையையும் நெய்தல் கரையையும் ஒரே தோட்டத்துல செஞ்சு வெச்சு, பாட்ட நெனச்சுக்கிட்டே நடந்து போனா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கு. நடுவுல பெரிய குளம், அத சுத்தித்தான் நடக்கணும், ஒவ்வொரு திருப்பத்துலயும் குளம் வேற மாதிரி தெரியுது. ஃபுஜிஷிரோன்னு ஒரு குன்னு இருக்கு, கடல் மட்டத்துலேர்ந்து 35 மீட்டர்தான், அம்மா எனக்கு முன்னாடி ஏறிட்டாங்க, கேமரன் சரிவுல கூடைய முதுகுல போட்டு ஏறுன காலாச்சே.

மேல நின்னு பாத்தா மோமிஜிங்கிற மேப்பிள் மரம் பூரா செவப்பு, கிங்கோ மரம் மஞ்சள். அம்மாவுக்கு ஒடனே அவங்க அப்பா ஊரு ஞாபகம் வந்துடுச்சு, சுங்கை சிப்புட் பக்கம் கித்தா காடு, அதான் ரப்பர் தோட்டம். பிப்ரவரி மார்ச்ல கித்தா மரமும் இப்படித்தான் செவந்து கொட்டும், ஆனா எல கொட்டுனா பாலு கொறையும், பாலு கொறைஞ்சா சம்பளம் கொறையும், மளிகைக் கடைல கடன் ஏறும். "எல கொட்டுறத இவ்வளவு பேரு சும்மா நின்னு பாக்குறாங்களே மா"ன்னாங்க, நெசமான ஆச்சரியம் அது. அப்பறம் அவங்களும் ரொம்ப நேரம் பாத்தாங்க.

இப்ப டீக்கடை. குளத்தங்கரைல ஃபுகியாகே ச்சாயான்னு பேரு. மாச்சாவும் (பச்சைத் தேயிலப் பொடில போடற டீ) ஒரு இனிப்பும் சேத்து செட்டா தர்றாங்க, நுழைவு டிக்கெட்ட விட வெல கூட, ஆனா ஒரு காசு கூட வீண் இல்ல. மொதல்ல இனிப்ப சாப்பிடணும், அந்த இனிப்பு நாக்குல இருக்கும்போதே டீய குடிக்கணும். சீனியும் இல்ல பாலும் இல்ல. கிண்ணத்த ரெண்டு கையாலயும் ஏந்தி, லேசா திருப்பி, அதோட அழகான பக்கத்துல வாய் படாம குடிக்கணுமாம்.

டீய கொண்டு வந்து வெச்ச கடைக்கார அம்மா வயசானவங்க, குனிஞ்சு வணங்கிட்டு வெச்சாங்க. எங்க அம்மா ரெண்டு கையாலயும் வாங்கிட்டு கொஞ்ச நேரம் பேசல. அவங்களோட பெரியப்பாவ 1943ல, போர் நேரத்துல, ஜப்பான்காரங்க சயாம்-பர்மா ரயில் பாதை போட பிடிச்சிட்டு போனாங்க, தோட்டத்துலேர்ந்து லாரில ஏத்துனதுதான், திரும்பவே இல்ல. எங்க வீட்டுல பாட்டி இருந்த வரைக்கும் ஜப்பான்னு பேரு எடுத்தா எந்திரிச்சு போயிடுவாங்க. அம்மா அத சொல்லிட்டு, அந்த வயசானவங்கள ஒரு தடவ பாத்துட்டு, கிண்ணத்த எடுத்தாங்க.

ஒரு வாய் குடிச்சதுமே சொன்னாங்க, "எலய வாட்டல மா, பச்சையாவே வேக வெச்சிருக்காங்க." அதேதான்! நம்ம டீல கொழுந்த வாட்டி, உருட்டி, கறுக்க விட்டு அப்பறம் காய வெப்பாங்க. மாச்சாவுக்கு பறிக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே செடிக்கு மேல பந்தல் போட்டு வெயில மறைக்கிறாங்க, அதனாலதான் அந்த கரும்பச்சையும் வாய்ல நிக்கிற ருசியும். பறிச்ச ஒடனே ஆவில வெச்சு, உருட்டாம காய வெச்சு, காம்பு நரம்பு எல்லாம் எடுத்துட்டு கல்லு எந்திரத்துல அரைக்கிறாங்க. ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அரைச்சா பெருசு. சக்கையே கெடையாது, எல மொத்தமும் வயித்துக்குள்ள போகுது. ஒரு நாளைக்கு கூடை கூடையா கிள்ளிப் போட்டுட்டு வீட்டுல டஸ்ட் டீய பாலில்லாம தே ஓவா போட்டு குடிச்சவங்க, தான் கிள்ளுன எலைக்கு இப்படி ஒரு மரியாதை இருக்குன்னு இந்த வயசுலதான் பாக்குறாங்க. எனக்கு தொண்ட அடைச்சிடுச்சு.

நவம்பர்ல போறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வசந்தத்துல பறிச்ச எலய ஜாடில மூடி வெச்சு, நவம்பர்லதான் ஜாடியோட சீல் ஒடைச்சு திறக்குறது அவங்க வழக்கம், டீ படிச்சவங்களுக்கு அதுதான் வருஷப் பொறப்பு மாதிரி.

கொறைன்னா கூட்டம். செவப்பு எல சீசன்ல டீக்கு க்யூ நிக்கணும், காலைல 9 மணிக்கு திறந்த ஒடனே போயிடுங்க. சாயந்திரம் நாலரைக்கெல்லாம் சூரியன் எறங்கிடுது, மத்தியானம் போனா பாதிதான் பாப்பீங்க. பாதைல சரளைக் கல்லு, மூட்டு வலி உள்ளவங்க தடி எடுத்துக்கோங்க. கேமரன் குளிரு பழக்கம்தானேன்னு மெல்லிசு ஸ்வெட்டரோட போயிடாதீங்க, குளத்துக் காத்து எலும்புல ஏறுது.

வரும்போது அம்மா ஒரு சின்ன டப்பா மாச்சாவும் மூங்கில் துடைப்பம் மாதிரி இருக்கிற அந்த சாசென்னும் வாங்கிட்டு வந்தாங்க. தெனமும் காலைல அவங்களே அடிச்சு நொரை வர வெக்கிறாங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் போகுது. நீங்களும் வாங்கினா சின்ன டப்பாவா வாங்குங்க, திறந்துட்டா பிரிட்ஜ்ல வெச்சு ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க, இல்லன்னா பச்ச மங்கி வாசம் போயிடும்.