சிறு குடிலா, பெரிய ஆரண்யமா: துறவு வாழ்வைத் தொடங்க எந்த இடம்?

பௌத்தத் துறவு வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது ஆள் இல்லாத இடத்தைத்தான். இரண்டு மூன்று பிக்குகள், நாலைந்து குடில்கள், சுற்றிலும் காடு, நடந்து போகும் தூரத்தில் ஒரு கிராமம். பெரிய மடம் என்றதும் கூட்டம், சட்டதிட்டம், சமையல்கட்டுச் சத்தம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறு. புதிதாக வருபவருக்குச் சிறு குடில்தான் கடினம். அவர் தேடும் தனிமை பெரிய ஆரண்யத்தில், அதாவது பெரிய காட்டு மடத்தில்தான் எளிதாகக் கிடைக்கும்.

இலங்கையில் பெரியது என்றால் குருநாகல் மாவட்டத்தில் மெல்சிரிபுரவுக்கு அருகே உள்ள நா உயன. நூற்றுக்கு மேற்பட்ட பிக்குகள் வாழும் ஆரண்யம் அது. கடவெத்துவே ஜினவம்ச தேரர் (தேரர் என்றால் மூத்த பிக்கு) 1951-இல் தொடங்கிய கல்துவ ஆரண்ய சபையைச் சேர்ந்தது. தாய்லாந்தில் உபோன் மாகாணத்தின் வாட் பா நானாசாட்டை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஆங்கிலத்தில் பயிலட்டும் என்று அஜான் சா 1975-இல் அமைத்த வன மடம் அது. சிறியதற்கு நல்ல உதாரணம் காலிக்கு அருகே தொடந்துவ ஊரை ஒட்டி, ரத்கம களப்புக்குள் இருக்கும் பொல்கஸ்துவத் தீவு. ஜெர்மனியில் பிறந்த ஞானதிலோக தேரர் 1911-இல் அங்கே குடியேறினார்.

முதலில் சோற்றுப் பிரச்சினையைப் பார்ப்போம். எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. பிக்கு சமைக்கக் கூடாது, பணம் தொடக் கூடாது. யாராவது கையால் தராத உணவை உண்ணக் கூடாது. நாளைக்கென்று எடுத்து வைக்கவும் கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை மட்டும் மருந்தாக ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். உச்சிப்பொழுது தாண்டினால் அடுத்த விடியல் வரை உணவு இல்லை. ஆக, ஒரு பிக்கு எங்கே வாழ்கிறார் என்பதை அவருக்குச் சோறு போடும் ஊர்தான் தீர்மானிக்கிறது.

பெரிய ஆரண்யத்துக்குத் தானம் கொடுக்க வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். இறந்த அப்பாவின் நினைவு நாள், பிள்ளையின் பிறந்த நாள் என்று முன்கூட்டியே தேதி பதிந்துவைப்பார்கள். பிக்கு பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார், வாங்கிக்கொள்கிறார், குடிலுக்குப் போய்விடுகிறார். யார் கொண்டுவந்தார்கள் என்று அவர் தெரிந்துகொள்ளக்கூடத் தேவையில்லை. சிறு குடிலில் அப்படி முடியாது. ஏழெட்டு வீடுகள் முறை வைத்துச் சோறு தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் சாவு, இன்னொரு வீட்டில் அறுவடை பொய்த்துவிட்டது, மூன்றாவது வீட்டுக்காரர் முதல் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அந்தப் பாத்திரத்துக்குள் வந்து விழும். இரங்கல் வீட்டுக்குப் போக வேண்டும், பிரித் எனும் காப்பு ஓதல்களை ஓத வேண்டும், சண்டைக்காரர் இருவரும் சொல்வதைக் கேட்க வேண்டும். காட்டுக்குள் போய்த் தனியாக இருக்கலாம் என்று வந்தவர் ஊருக்கே மூத்த ஆளாகிவிடுகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் வீட்டுச் சோறு, அதை ஆக்க அவர்கள் எதைத் தவிர்த்தார்கள் என்று தினமும் தெரிந்தே உண்ணும் பிக்குவுக்குச் சோம்பல் வருவது கடினம். ஆனால் இந்தப் பாரத்தைத் தாங்க மனம் பழுத்திருக்க வேண்டும்.

தாய்லாந்து முறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விடிந்ததும் வெறுங்காலோடு வரிசையாகக் கிராமத்துக்கு நடக்கிறார்கள். வீட்டு வாசலில் மண்டியிட்டவர்கள் ஒரு பிடி ஒட்டரிசிச் சோற்றைப் பாத்திரத்தில் இடுகிறார்கள். அதிகம் பேச்சில்லை. ஊர் முகம் தெரியும், ஊர் வம்பு தெரியாது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் தலைக்கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சங்கமாகக் கூடி பிக்குகளுக்கான 227 விதிகளை ஓத குறைந்தது நான்கு பிக்குகள் வேண்டும். இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்தால், தாங்கள் தூய்மையாக இருப்பதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒருவர் என்றால் தனக்குள் உறுதி செய்துகொள்வதோடு சரி. சொந்தத் தவறு தன் கண்ணுக்குத் தெரியாமல் போவது சிறு குடிலின் பெரிய ஆபத்து. நூறு பேர் நடுவில் சிறு வழுவலையும் யாராவது கவனித்துவிடுவார்கள்.

துறவிகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. புதிதாக உபசம்பதை, அதாவது முழுத் துறவு, பெற்ற பிக்கு குறைந்தது ஐந்து ஆண்டு ஓர் ஆசானைச் சார்ந்தே வாழ வேண்டும். கட்டுகுருந்தே ஞானநந்த தேரரின் வாழ்க்கையைப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாலி கற்பித்தவர், 1967-இல் பொல்கஸ்துவ மரபில் துறவு பூண்டார். 1972-இல் அதை விட்டு மித்திரிகல நிஸ்ஸரண வனய என்ற வன மடத்துக்கு, மாத்தறை ஸ்ரீ ஞானாராம தேரரிடம் போனார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாட்டில் இருந்த பிறகுதான் பொத்குல்கல என்ற சிறிய ஆரண்யத்துக்குப் போனார். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நோய் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஆங்கிலேயரான ஞானவீர தேரர் பொல்கஸ்துவையிலிருந்து கிளம்பி, தென்கோடியில் புந்தல ஊருக்கு அருகே ஒரே ஒரு குடிலில் தனியாக வாழ்ந்தார். குடல் நோய் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1965-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் மனத்தில் இருந்ததை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. ஆனாலும் தனிக் குடிலை ஓர் இன்பமாக மட்டும் எண்ணுகிறவர் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

படிப்புக்காகத் தனிமை வேண்டும் என்றால் மட்டும் என் தீர்ப்பு மாறும். பொல்கஸ்துவையில் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் இருந்த ஞானமோலி தேரர், 1960-இல் இறப்பதற்குள் விசுத்திமக்கம் என்ற பெரிய பாலி நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பெரிய மடத்தின் மணியோசைக்கு நடுவில் அந்த வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெண்களுக்கு இந்தத் தேர்வே இவ்வளவு விரிவாக இல்லை, அது எனக்கு வருத்தம். 1998-இல் தம்புள்ளையில் பிக்குணி உபசம்பதை மீண்டும் தொடங்கியது. ஆனாலும் இலங்கையின் நிகாயங்கள், அதாவது பிக்கு சங்கப் பிரிவுகள், அதை இன்னும் ஏற்கவில்லை. பிக்குணிகள் பலர் வாழ்வது சிறு இடங்களில்தான். விரும்பித் தேர்ந்தது என்பதைவிட வேறு வழி இல்லாததும் ஒரு காரணம்.

திரும்பி வருவதிலும் வேறுபாடு உண்டு. தாய்லாந்தில் இளைஞர்கள் ஒரு மழைக்காலம் காவி அணிந்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை. இலங்கையில் காவியைக் களைவது இன்றும் தலைகுனிவு. மனம் உறுதிப்படாதவர் இதை முதலிலேயே எடைபோட வேண்டும்.

எங்கே போனாலும் குடில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற மழைக்காலத்தில் இங்கே எத்தனை பிக்குகள் தங்கினார்கள்? கடைசியாக ஒருவர் படுத்துவிட்டபோது யார் பார்த்துக்கொண்டார்கள்? மூத்த தேரர் எந்த மொழியில் கற்பிக்கிறார்? நா உயனவிலும் நானாசாட்டிலும் ஆங்கிலம் போதும். சிறு குடில்களில் பெரும்பாலும் சிங்களம் தெரியாமல் ஒரு வாரம்கூட நகராது.