கடலூர்ல ரெடிமிக்ஸ் வாங்கி மாடி தளம் போட்டோம், லாரி பின்னாடி ஒரு ஆள் நிக்கணும்

கூத்தப்பாக்கம் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம். கீழ் தளம் மிக்ஸர் மிஷின் வச்சி ஆளுங்க கலந்து போட்டது, மாடி தளம் ரெடிமிக்ஸ், அதாவது பிளாண்ட்லயே கலந்து லாரில வர்ற காங்கிரீட், போன மாசி மாசம் போட்டோம். ரெண்டு நாளும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கயே நின்னு பாத்திருக்கேன், அதனால எழுதறேன். ரெடிமிக்ஸ் வாங்கலாமான்னு கேட்டா தாராளமா வாங்கலாம், காசுக்கு தகுந்த சரக்குதான். ஆனா லாரி வர்ற அன்னிக்கு வீட்டு ஆள் ஒருத்தர் லாரிய விட்டு நகரக்கூடாது, எதுக்குன்னா தண்ணிக்காக.

எனக்கு ஏன் இதுல இவ்ளோ கவலைன்னா மஞ்சக்குப்பத்துல எங்க அப்பா கட்டின வீடு. தொண்ணூறுகள்ல கட்டினது, தானே புயலுக்கு அப்புறம் மழைக்கு மழை ஓதம் ஏறிச்சி, ஒருநாள் ராத்திரி அம்மா படுக்குற கட்டில் மேல உள்ளங்கை அகலத்துக்கு காங்கிரீட் பேந்து விழுந்துச்சி, நல்லவேளை அம்மா அன்னிக்கு அக்கா வீட்ல இருந்தாங்க. ஏணி போட்டு ஏறி பாத்தேன், கம்பி துருப்பிடிச்சி ஏடு ஏடா உரியுது, பக்கத்துல இருந்த ஜல்லிய விரலாலயே நோண்டி எடுக்க முடிஞ்சிது. கம்பிக்கு கீழ அரை இஞ்சு கூட கவர் (கம்பிய மூடியிருக்கற காங்கிரீட்) இல்ல, கலவைல தண்ணி அதிகமா ஊத்தினதால உள்ள பூரா பொடி பொடியா ஓட்டை, உப்புக் காத்து நேரா கம்பிக்கு போயிருக்கு. அந்த துண்டு இன்னும் என் பைக் டூல்ஸ் டப்பால இருக்கு.

அதனால புது வீட்டு பிளான்ல காங்கிரீட் தரம் எம்20ன்னு (நம்பர் கூடினா பலம் கூட) போட்டிருந்ததை பாத்ததும் இஞ்சினியர்கிட்ட கேட்டேன். ஐஎஸ் 456ங்கற காங்கிரீட்டுக்கான இந்திய விதிமுறைல கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு குறைஞ்சபட்சம் எம்20, ஆனா கடலோர சூழல்ல நேரா படுற காங்கிரீட்டுக்கு எம்30, தண்ணி சிமெண்ட் விகிதம் (தண்ணி எடைய சிமெண்ட் எடையால வகுத்தா வர்றது) 0.45க்கு மேல போகக்கூடாது. உப்புக் காத்து நேரா படாம மறைவா இருக்கற பாகத்துக்கு எம்25 போதும். அவரும் ஒத்துக்கிட்டாரு, மொட்டை மாடி வெயில் மழை காத்து எல்லாத்தையும் வாங்கப்போற தளம்ங்கறதால எம்30ன்னு முடிவு பண்ணோம். நம்ம கடலூர் பாண்டி பக்கம் வீடு கட்றவங்க இந்த ஒரு கேள்விய கேட்டுடுங்க, எம்20க்கும் எம்30க்கும் உள்ள காசு வித்தியாசம் டைல்ஸ்ல பாக்கறத விட கம்மி.

கீழ் தளம் போட்டப்போ நடந்தத சொல்றேன். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கணக்குல 25 லிட்டர் தண்ணிதான், அதுலயும் எம் சாண்ட் ஈரமா இருந்தா இன்னும் குறைக்கணும். மிஷின்கிட்ட நின்ன அண்ணன் குடத்தால ஊத்தினாரு, கணக்கே இல்ல, கலவை ஓடி வந்தா பாண்டுல அள்ற ஆளுக்கு சுலபம் இல்லையா. ரெண்டு வாட்டி சொன்னேன். மேஸ்திரி "தம்பி, நாங்க முப்பது வருஷமா இப்பிடித்தான் போடறோம்"னாரு, மனுஷன் வேலையில கெட்டிக்காரர், கம்பி கட்டறதுல ஒரு குறை சொல்ல முடியாது, ஆனா தண்ணி விஷயத்துல நானும் அவரும் கடைசி வரைக்கும் ஒத்துப்போகல. மத்தியானத்துக்கு மேல ரெண்டு பெயிண்ட் பக்கெட்ல பத்து லிட்டர் அளவுக்கு கோடு போட்டு குடுத்தேன், அதுக்கப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சி. தண்ணியும் எங்க போர் தண்ணி இல்ல, டெஸ்ட் குடுத்ததுல குளோரைடு 600க்கு மேல வந்துச்சி, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் அளவு, அதனால டேங்கர் தண்ணி வாங்கினோம்.

மாடிக்கு ரெடிமிக்ஸ். பிளாண்ட் பேர் போட விரும்பல, எங்க ஊர்ல இருந்து முக்கால் மணி நேர தூரம். 960 சதுர அடி, அஞ்சு இஞ்சு கனம்னா 400 கன அடி, அத 35.3ல வகுத்தா 11.3 கன மீட்டர், பீம் தொங்கற பாகம் எல்லாம் சேத்து 14 கிட்ட வந்துச்சி. ஆறு ஆறா ரெண்டு லாரி, மூணாவது லோடு எவ்வளவுன்னு ரெண்டாவது லாரி பாதி காலியானப்புறம் அளந்து சொல்றேன்னு முன்னாடியே பேசிக்கிட்டேன், இத கண்டிப்பா பேசிடுங்க, இல்லன்னா மிஞ்சின கலவைய எங்க கொட்றதுன்னு தெரியாம நிக்கணும்.

முதல் லாரி செம்மண்டலத்துல கொஞ்சம் நின்னு ஒம்போதே காலுக்கு வந்துச்சி. பேட்ச் ஷீட், அதாவது பிளாண்ட்ல என்னென்ன எவ்வளவு கலந்தாங்கங்கற சீட்டு, வாங்கி பாத்தேன், கன மீட்டருக்கு சிமெண்ட்டும் ஃபிளை ஆஷ்ங்கற நிலக்கரி சாம்பலும் சேத்து 350 கிலோ, தண்ணி 157 லிட்டர், கலந்த நேரம் 8:20. தண்ணி கலந்ததுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கணும்ங்கறது கணக்கு, அதனால நேரம் சரி. அதுக்குள்ள பம்ப் ஆள் "கெட்டியா இருக்கு, ஏறாது"ன்னு சொல்ல, டிரைவர் லாரி மேல இருந்த தண்ணி பைப்ப எடுத்து டிரம்முக்குள்ள விடப் போயிட்டாரு. ஓடிப்போய் நிறுத்தினேன். "சார், கொஞ்சூண்டு தான் சார், எல்லா சைட்லயும் விடறதுதான்"னாரு. அவர் மேல கோவம் இல்ல, பம்ப் அடைச்சா அவருக்குத்தான் திட்டு விழும். ஆனா கணக்க பாருங்க, 6 கன மீட்டர்ல 2100 கிலோ சிமெண்ட், 942 லிட்டர் தண்ணி, அதுல வெறும் 100 லிட்டர் கூட விட்டா 0.45 போய் 0.50 ஆயிடும், நான் எம்30க்கு குடுத்த காசு அங்கயே கரைஞ்சி போச்சி.

பிளாண்ட்ல இருந்து வந்த டெக்னீசியன் தம்பிய கூப்பிட்டு ஸ்லம்ப், அதாவது கலவை எவ்ளோ இளக்கமா இருக்குன்னு, பாக்க சொன்னேன். ஒரு அடி உயர இரும்பு கூம்ப தகட்டு மேல வச்சி, மூணு அடுக்கா போட்டு ஒவ்வொரு அடுக்குக்கும் 25 குத்து குத்தி, மெதுவா தூக்கினான், கலவை சரிஞ்சி 85 மில்லிமீட்டர் இறங்கிச்சி. பம்புக்கு 120 பக்கம் வேணுமாம். அவன் தண்ணி விடல, டப்பால இருந்து அட்மிக்சர் (தண்ணி சேக்காமலே கலவைய இளக்கற மருந்து) அளந்து ஊத்தி அஞ்சு நிமிஷம் டிரம்ம வேகமா சுத்த விட்டான், மறுபடி எடுத்தா 125. சல்லுன்னு ஏறிச்சி. இருவத்தி மூணு வயசு கூட இருக்காது அந்த பையனுக்கு, அவ்ளோ பொறுப்பு, இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்சது அவன்தான்.

பிடிக்காதது ரெண்டாவது லாரி. முதல் லாரி முடிஞ்சி ஒன்னே கால் மணி நேரம் ஆச்சி, போன் பண்ணா "கிளம்பிடுச்சி சார்"ங்கறாங்க, கடைசில பேட்ச் ஷீட்ட பாத்தா நான் மூணாவது போன் பண்ணப்புறம்தான் கலக்கவே ஆரம்பிச்சிருக்காங்க. வெயில்ல போட்ட ஓரம் இறுக ஆரம்பிச்சா புதுசும் பழசும் ஒட்டாது, அந்த கோட்டுலதான் நாளைக்கு ஒழுகும். மேஸ்திரிதான் ஈர சாக்கு போட்டு மூடி வச்சி, புது கலவை விழுந்ததும் வைப்ரேட்டர பழைய ஓரத்துக்குள்ளயும் விட்டு ரெண்டையும் சேத்தாரு. பொய் சொன்ன ஆபீஸ் ஆள்கிட்ட மறுநாளே பேசிட்டேன், மூணாவது லோடு 2 கன மீட்டர் மட்டும் சொன்னபடி வந்துச்சி.

செலவு: கன மீட்டர் 5,600, ஜிஎஸ்டி தனி, பம்ப் வாடகை தனி. காலையில ஆரம்பிச்சி மூணு மணிக்கு முடிஞ்சிது, கீழ் தளத்துக்கு ராத்திரி லைட்டு போட்டு முடிச்சோம். லோடு லாரி 25 டன் பக்கம் வரும், எங்க தெருவுல பக்கத்து வீட்டு சாக்கடை மூடி ஒன்னு உடைஞ்சி நான்தான் மாத்தி குடுத்தேன், சந்து வீடுன்னா முன்னாடியே ஆள் வந்து பாக்க சொல்லுங்க.

அதே கலவைல ஆறு கியூப் (நசுக்கி பலம் பாக்கற கட்டி) எடுத்து பாண்டில ஒரு லேப்ல குடுத்தேன். 28 நாள் ரிசல்ட் எம்30ல இருக்கற அந்த 30ஐ தாண்டி 35, 36, 34ன்னு வந்துச்சி. பாத்தி கட்டி 14 நாள் தண்ணி நிறுத்தினோம், அதுவும் டேங்கர் தண்ணிதான், சாம்பல் கலந்த காங்கிரீட்டுக்கு நம்ம வெயிலுக்கு அவ்ளோ நாள் வேணும்.

அடுத்து மாடிப்படி ரூம் தளம் இருக்கு, ரெண்டரை கன மீட்டர்தான், அதுக்கு தனியா லாரி வாடகை கட்டுப்படி ஆகாது. மிஷின் கலவைதான். கோடு போட்ட அந்த பக்கெட் ரெண்டையும் கழுவி மேல எடுத்து வச்சிருக்கேன், மேஸ்திரிகிட்டயும் சொல்லியாச்சி.