அன்சி ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரான்சில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் அன்சி ஏரியைச் சைக்கிளில் சுற்றப் பலர் திட்டம் போடுகிறீர்கள். தாராளமாகப் போங்கள், ஏரி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த கடை மீதுதான்.

போன ஜூனில் நான், மனைவி, ஒன்பது வயது மகள் மூவரும் லியோனிலிருந்து ரயிலில் போனோம். காலை பத்து மணி, கடையில் கூட்டம். சாதா சைக்கிள்தான் கேட்டேன். "சுற்றிலும் மலை, மெஸ்யூ. மேடம் திணறிப்போவார்" என்று சொல்லி எங்கள் இருவர் தலையிலும் மின் சைக்கிளைக் கட்டினார் கடைக்காரர். சாதா சைக்கிளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாடகை. மகளுக்குச் சிறுவர் சைக்கிள். பிரான்சில் 12 வயதுக்குட்பட்டவர்கள் ஹெல்மெட் போடுவது 2017 மார்ச்சிலிருந்து கட்டாயம் என்பதால் அதற்கும் தனிக் காசு.

ஏரியின் மேற்குக் கரைப் பாதை எது தெரியுமா? அன்சியிலிருந்து ஆல்பெர்வில் போன பழைய ரயில் தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் போன தடத்தில் செங்குத்து ஏற்றம் எப்படி இருக்கும்? செவ்ரியே, சான் ஜோரியோ, டுவாங், டூசார் என ஏரியின் தென்முனை வரை சுமார் 17 கிலோமீட்டர், என் மகள் கியரே மாற்றாமல் ஓட்டினாள். மோட்டார் தேவையே இல்லை. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

சரி, காசு போனால் போகட்டும் என்று ரசித்துக்கொண்டே போனோம். டுவாங்கில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கோட்டை, அதற்குப் பக்கத்திலேயே பழைய ரயில் சுரங்கம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் உடம்பு சிலிர்க்கிறது. மகள் கத்திப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை திரும்பிப் போனாள். தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. ஒரு காலத்தில் கழிவுநீர் கலந்து கெட்டுக்கொண்டிருந்த ஏரி இது. கரையோர ஊர்கள் 1957-இல் ஒன்றுகூடி, ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்துச் சாக்கடையைத் திருப்பிவிட்டன. நம் ஊர் ஏரிகளை நினைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

வம்பு டூசாருக்கு அப்புறம். வந்த வழியே திரும்பியிருக்கலாம். சுற்றை முடித்தால் மொத்தமே 40 கிலோமீட்டர்தானே, மின் சைக்கிள் இருக்கிறதே என்று கிழக்குக் கரைக்குத் திரும்பினோம். அங்கேதான் உண்மையான ஏற்றம், தாலுவார் ஊரை ஒட்டி. காலையில் மனைவியின் வண்டியில் ஐந்து கோடு காட்டிய பேட்டரி, டூசாரிலேயே இரண்டு கோட்டுக்கு இறங்கியிருந்தது. தாலுவார் ஏற்றம் தொடங்கியதும் திரை இருண்டுவிட்டது. பழைய பேட்டரி. நிற்கும்போது நிறைந்ததாகக் காட்டும், ஏற்றத்தில் இழுக்கும்போது படுத்துவிடும்.

கடைக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. பிரான்சில் சின்னக் கடைகள் பல மதியம் 12 முதல் 2 மணி வரை பூட்டிவிடுவார்கள் என்பதை அப்போதுதான் அனுபவத்தில் உணர்ந்தேன். இரண்டேகாலுக்கு எடுத்தவர், "நகருக்கு வெளியே வந்து உதவ மாட்டோம், ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார். இருந்தது, பிரெஞ்சில், பொடி எழுத்தில். என் வண்டியை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, இருபத்தைந்து கிலோ இரும்பை நான் தள்ளினேன். தலைக்கு மேல் 2351 மீட்டர் உயரத் தூர்னெத் மலை வேடிக்கை பார்த்தது.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆறு இருபது. ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டுமாம், தாமதத்துக்கு 40 யூரோ. பேட்டரி செத்ததால்தானே தாமதம் என்றேன், காதில் விழவில்லை. அப்புறம் அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பின் மட்கார்டில் ஒரு கீறலைக் காட்டினார். அதற்கு 110 யூரோ! அது காலையிலேயே இருந்தது என்று எனக்கு நினைவு. ஆனால் காலையில் அவசரத்தில் டேப்லெட்டில் விரலால் போட்ட கையெழுத்துக்கு மேலே, 'வண்டி நல்ல நிலையில்' என்று முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. டெபாசிட் 600 யூரோவைக் கார்டில் முடக்கி மட்டும் வைப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்தே விட்டிருந்தார்கள். மீதி 450 திரும்பி வர 11 நாள். கார்டைக் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். முடக்குவதாக இருந்தாலும் டெபிட் கார்டில் அந்தப் பணம் உங்கள் கைக்கு எட்டாது, கிரெடிட் கார்டு தேவலை. வண்டியை நான்கு பக்கமும், அடியிலும், கடைக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். மின் சைக்கிள்தான் என்றால் கோடுகளை நம்பாமல், கடை வாசலில் ஏதாவது மேட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். டூசார் போய்த் திரும்புவதுதான் திட்டம் என்றால் சாதா சைக்கிளே போதும், யார் என்ன சொன்னாலும்.

எங்களைக் காப்பாற்றியது மகள். காலையில் கடையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அதே மட்கார்டு, அதே கீறல், படத்தில் நேரமும் இருந்தது. பிரெஞ்சு அரசின் 'சிக்னல் கோன்சோ' என்ற நுகர்வோர் புகார்த் தளத்தில் எழுதினேன், படத்தைக் கடைக்கும் அனுப்பினேன். ஒரு வரி மன்னிப்பு இல்லாமல் 110 யூரோ திரும்பி வந்தது. தாமதத்துக்குப் பிடித்த 40 வரவில்லை. பேட்டரி பற்றி இன்றுவரை ஒரு வார்த்தையும் இல்லை.