இரண்டு கிலோ தீயணைப்பானும் அதை விற்ற கடையும்: மூன்றாண்டு அனுபவம்

2022 மார்ச் மாத இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்தச் செய்தியைப் படித்த அன்று சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு நடையிலும் அதுபோன்ற வண்டி ஒன்று சார்ஜில் நின்றுகொண்டிருந்தது. வண்டியை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றியது அன்றே நடந்துவிட்டது. தீயணைப்பான் வாங்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் ஜூன் வரை இழுத்தது. இங்கே எழுதுவது அந்தத் தீயணைப்பானைப் பற்றியும், அதை விற்ற கடையைப் பற்றியும்தான். வாங்கியபோதே எழுதியிருந்தால் இரண்டையும் மிகையாகப் புகழ்ந்திருப்பேன்.

கடை பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தலைக்கவசம், ரப்பர் கையுறை, தொழிற்சாலைக் காலணி என்று தோல் தொழிற்கூடங்களுக்கு வேண்டிய பொருள்களே அங்கு முதன்மையான வியாபாரம்; தீயணைப்பான்கள் ஓர் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. வீட்டுக்கு என்று கேட்டதும், கடைக்காரர் வேறு கேள்வி எதுவும் கேட்காமல் இரண்டு கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். விலை 1,350 ரூபாய். ரசீது கொடுத்தார், சுவரில் மாட்டும் கொக்கியும் கொடுத்தார். உருளையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தீயணைப்பான்களுக்கான ஐ.எஸ். 15683 என்ற தர எண்ணும் தயாரித்த மாதமும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நின்றது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டதற்கு, "பின்னைப் பிடுங்கிட்டு அமுக்குங்க மேடம், எந்த நெருப்பா இருந்தாலும் அணைஞ்சிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என்னுடைய முதல் குறை தொடங்குகிறது.

இதற்கு அணையாத நெருப்பும் உண்டு. ஏ.பி.சி. என்ற மூன்று எழுத்துகள் முறையே மரம், துணி, காகிதம் போன்ற திடப்பொருள்களின் தீயையும், பெட்ரோல் போன்ற திரவங்களின் தீயையும், எரிவாயுத் தீயையும் குறிக்கின்றன. உள்ளே இருக்கும் மஞ்சள் நிறத் தூளான மோனோ அமோனியம் பாஸ்பேட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்கம்பித் தீயிலும் அதை அடிக்கலாம். ஆனால் நான் எந்த அச்சத்தால் கடைக்குப் போனேனோ அந்த லித்தியம் பேட்டரித் தீ இதற்குக் கட்டுப்படாது; வெளியே தெரியும் சுடர் அடங்கினாலும், மின்கலங்களுக்குள் வெப்பம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருப்பதால் தீ மீண்டும் மீண்டும் எழும். அங்கே தேவை நிறையத் தண்ணீரும், அதற்கு முன்பாக வீட்டிலுள்ளோர் வெளியேறுவதும், 101 அல்லது 112 எண்ணுக்கு அழைப்பதும்தான். மின்சார ஸ்கூட்டருக்காகத்தான் வாங்குகிறேன் என்று நான் சொல்லியும் கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. தெரிந்து மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் தோன்றியது, அது இன்னும் மோசம்.

இதை எனக்குத் தெளிவாக்கியது நான் வேலை செய்யும் இடத்தில் மறு ஆண்டு ஏப்ரலில் நடந்த செயல்விளக்கம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் இறந்த வீரர்களின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் தீயணைப்புத் துறையினர் இத்தகைய வகுப்புகளை நடத்துகிறார்கள். வந்திருந்த வீரர் ஒருவர் ஒரு தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, எங்களில் நால்வரை அழைத்து அணைக்கச் சொன்னார். நான் சுடரின் உச்சியைப் பார்த்து அடித்தேன். பாதித் தூள் காற்றோடு போயிற்று. "சுடரை விடுங்கம்மா, அது எங்கேயிருந்து கிளம்புதோ அந்த அடியைப் பாருங்க" என்று அவர் என் கையைப் பிடித்துத் தாழ்த்தி, இடமும் வலமுமாக வீசிக் காட்டியபோது இரண்டு நொடியில் தீ அணைந்தது. வாசலை எப்போதும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன். இந்த வகுப்புக்குக் கட்டணம் கிடையாது.

2023 நவம்பரில் ஒரு மழை இரவில் சிலிண்டருக்கு வேலை வந்தது. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுவரில் கசிந்திருந்த நீரால் இணைப்பு ஒன்று பொரிந்து, பெட்டி பொருத்தப்பட்டிருந்த பழைய மரப்பலகை பற்றிக்கொண்டது. என் கணவர் மெயினை அணைத்துவிட்டார். ஆனாலும் கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபிறகுதான் இன்வெர்ட்டர் எங்கள் நினைவுக்கு வந்தது. மெயினை அணைத்தால் வீட்டில் மின்சாரமே இல்லை என்று எண்ணுவது இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஆபத்தான பிழை. அதையும் அணைத்த பிறகு, மாமியாரை வெளித் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி நின்று பலகையின் அடிப்பகுதியைப் பார்த்து அழுத்தினேன். தீ அணைந்தது. இந்தப் பொருள் தனக்கு உரிய வேலையைக் குறைவின்றிச் செய்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முழுச் சிலிண்டரும் பத்து நொடிக்குள் தீர்ந்துவிட்டது. அந்தத் தீ திரைச்சீலை வரை போயிருந்தால் இரண்டு கிலோ போதியிருக்காது. இந்த அளவில் குழாய் கிடையாது, நேராக மூக்குதான். ஆகவே உருளையையே தூக்கிச் சாய்த்துக் குறி பார்க்க வேண்டியிருப்பது மணிக்கட்டு வலுவில்லாதவர்களுக்குச் சிரமம்.

அணைத்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. நடை, கூடம், சாமி மாடம், குளிர்பெட்டியின் பின்புறம் என எங்கும் மெல்லிய மஞ்சள் தூள் படிந்துவிட்டது. முதலில் ஈரத் துணியால் துடைக்கப் போனதுதான் நாங்கள் செய்த தவறு; ஈரம் பட்டதும் அது பசைபோல் ஒட்டிக்கொள்வதோடு, உலோகத்தை அரிக்கவும் செய்கிறது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளிய பிறகே துடைக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது, வானொலிப் பெட்டி ஒன்று பிறகு பேசவே இல்லை. துப்புரவைவிட முக்கியமானது, மின்வாரிய லைன்மேனும் ஓர் எலெக்ட்ரீசியனும் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடாமல் இருந்தது. அந்த இரவை மெழுகுவத்தி இல்லாமல் டார்ச் வெளிச்சத்தில் கழித்தோம்.

இரண்டாவது குறை ரீஃபிலில். காலியான சிலிண்டரை அதே கடைக்குக் கொண்டுபோனேன். (நகரப் பேருந்தில் நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, கேஸ் சிலிண்டரை ஏற்ற முடியாது என்று சொல்ல, காலி என்பதை முள்ளைக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று.) இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள், அதுவரை மாற்றுச் சிலிண்டர் எதுவும் தரவில்லை. வந்த சிலிண்டரில் ஒட்டியிருந்த சீட்டில் நிரப்பிய தேதி இருந்தது, அடுத்து நிரப்ப வேண்டிய தேதியும், உருளை அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று நீரை அடைத்துப் பார்க்கும் நீரழுத்தச் சோதனையின் தேதியும் எழுதப்படாமல் வெற்றாக இருந்தன. 550 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முள் பச்சையை விட்டு இறங்கி, சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. முதல் முறை நிரப்பியபோதே வால்வு அழுந்தி மூடும் இடத்தில் பழைய தூள் தங்கியிருந்திருக்க வேண்டும். அதன் வழியாகக் காற்று மெல்லக் கசியும். பாதி பயன்படுத்திய சிலிண்டரை அப்படியே மீண்டும் மாட்டிவைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அரை நொடி அழுத்திப் பார்த்தாலும் ரீஃபில் செய்தே ஆக வேண்டும். புகார் சொன்னபோது கடையில் மறுபடி நிரப்பித் தந்தார்கள், கட்டணம் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு காட்பாடிப் பக்கம் வேறோர் இடத்தில் கொடுக்கத் தொடங்கினேன். அங்கே சிலிண்டரை நம் கண்முன்பே திறந்து, பழைய தூளைக் கொட்டி, வால்வைச் சுத்தம் செய்து, புதுத் தூளைக் கோணிப்பையிலிருந்து எடுத்து எடைபோட்டு, நைட்ரஜன் அடைத்துத் தருகிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனையின் தேதியைக் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தார்கள். கட்டணம் நூறு ரூபாய் கூடுதல், கடையும் தூரம். இருந்தாலும் எனக்கு அதுதான் சரி.

என் அக்காவும் நான் வாங்கிய அன்றே அதே கடையில் அதே அளவு ஒன்றை வாங்கினாள். அவள் வீடு கன்சால்பேட்டையில். மழை வலுத்தால் நிக்கல்சன் கால்வாய் பொங்கித் தெருவுக்குள் நீர் ஏறும். சுவரில் ஆணி அடிக்க மாமாவுக்கு மனம் வராமல் சிலிண்டரைச் சமையலறைத் தரையில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் நின்றதில் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது. துருப்பிடித்த அழுத்த உருளையை யாரும் நிரப்பித் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அதைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிந்த வீட்டில்தான் நனைந்த பிளக்குகளால் தீப்பிடிக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை நினைத்தால் அந்த இழப்பின் அளவு புரியும். இப்போது அது இடுப்பளவு உயரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் சமையலறை வாசலுக்கு வெளியே தொங்குகிறது. அடுப்பை ஒட்டி மாட்டினால் தீயைத் தாண்டிக் கை நீட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சமையலறைக்கு இது எவ்வளவு உதவும் என்று கேட்பவர்களுக்கு: வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் அருகிலிருந்து தூளைப் பீய்ச்சுவது எண்ணெயைச் சிதறடிக்கும். சென்ற தீபாவளிக்கு முறுக்கு சுட்டபோது எங்களுக்கு அது நேர்ந்தது. அடுப்பை அணைத்து, பெரிய தாம்பாளத்தைச் சாய்வாக நகர்த்தி மூடினோம், அவ்வளவுதான். எரிவாயு கசிந்து எரியும்போது ரெகுலேட்டரை மூட முடியாவிட்டால் சுடரை மட்டும் அணைப்பது ஆபத்து. எரியாமல் வெளிவரும் வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி வேறெங்காவது தீப்பொறியைத் தேடும். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழைக்கலாம்.

பொருளுக்கு ஐந்தில் நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்தது அளவுக்காக. இன்று வாங்குவதாக இருந்தால் குழாயுடன் வரும் நான்கு கிலோவைத்தான் எடுப்பேன், விலை ஏறக்குறைய இரு மடங்கானாலும். கடைக்கு இரண்டு. பொருள் போலி இல்லை, ரசீது ஒழுங்காகத் தருகிறார்கள், அவசரத்துக்கு வாங்கப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அந்த இரண்டு. அங்கே வாங்குபவர்கள் தயாரித்த மாதத்தைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, ரீஃபிலை மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாள்களில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கதவு சாத்தியிருக்கும்.