ஏற்காடு இறங்கும்போது அடைக்கும் காது: விழுங்குவதா, ஊதுவதா, எண்ணெய் விடுவதா?

ஏற்காட்டில் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை இறுக மூடிப் பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறுங்கள். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் இடுப்பு ஒடுங்கியிருக்கும். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டோ மேலே போகப் போக உப்பிக்கொண்டே வரும். காதுக்குள் நடப்பதும் இதேதான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரப் பயணத்தில் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடுகிறது.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காது காற்று நிறைந்த சின்ன அறை. அதற்கு ஒரே வாசல் யூஸ்டேக்கியன் குழாய். மூக்கின் பின்பக்கத்தில் போய்த் திறக்கும். பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெரும்பாலும் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு கணம் திறக்கும். நாம் கேட்கும் ‘டப்’ அந்தக் கணம்தான். ஆக, சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், வாசல் வேலை செய்கிறது. ஏறும்போது உள்ளே மிஞ்சிய காற்று தானே குழாயைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல்: உள்ளே அழுத்தம் குறைவு, வெளியழுத்தம் குழாயை அமுக்கி மூடும், தசை இழுத்தால்தான் வழி பிறக்கும். சளி பிடித்து உட்சுவர் வீங்கியிருந்தால் அதுவும் கடினம்.

வேலை நிமித்தமாக மாதத்தில் மூன்று நான்கு முறை இந்த மலை ஏறி இறங்குகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது.

முதலாவது, விழுங்குவது. மிட்டாய், சூயிங்கம், ஒரு மடக்கு தண்ணீர், எதுவானாலும் சரி. பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். குழாயைத் திறக்க உடம்பே வைத்திருக்கும் வழி இது, கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் காது அடைத்த பிறகு ஆரம்பித்தால் பலன் குறைவு. தூக்கத்தில் நாம் விழுங்குவதே அபூர்வம், அதனால் இறங்கும் வழியில் தூங்காமல் இருப்பது நல்லது. கைக்குழந்தைக்கு அந்த நேரம் பார்த்துப் பால் கொடுத்தால் போதும். சாதாரணமாக விழுங்கிப் பலிக்காவிட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிப் பாருங்கள், கொஞ்சம் கூடுதல் பலம்.

இரண்டாவது, மூக்கைப் பொத்தி வாயை மூடி ஊதுவது. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-ல் வெளியிட்ட காது பற்றிய நூலில் விவரித்த முறை, அவர் பெயராலேயே வழங்குகிறது. இறங்கும்போது இது உண்மையில் உதவும், கீழிருந்து காற்றை உள்ளே ஏற்றுகிறோம் அல்லவா? ஏறும்போது செய்வது வீண், உப்பிய பாக்கெட்டில் இன்னும் காற்றடிப்பது போல. மெதுவாக, ஓரிரு நொடி ஊதினால் போதும். போன மழைக்காலத்தில் நல்ல சளியோடு இறங்கியவன், அடைப்பு விடவில்லையே என்று கன்னம் உப்ப ஊதினேன். தலை கிறுகிறுத்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பலமாக ஊதினால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழியக்கூடும், சளியையும் கிருமியையும் நடுக்காதுக்குள் தள்ளியும் விடலாம் என்று பிறகு காது மூக்கு தொண்டை டாக்டர் திட்டினார்.

மூன்றாவது, எண்ணெய். வீட்டுக்கு வந்ததும் அத்தை, “கண்ணு, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தரேன், நாலு சொட்டு விட்டுக்கோ” என்றார். அத்தையிடம் எப்படிச் சொல்வது? எண்ணெய் செவிப்பறைக்கு இந்தப் பக்கம் நிற்கும், அடைப்போ அந்தப் பக்கம். பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கும், சூடு கூடினால் தோல் வெந்துபோகும். ஆனால் அடைத்திருப்பது குறும்பி என்றால் விஷயமே வேறு. ஓட்டையோ சீழோ இல்லாத காதில் வெதுவெதுப்பான வெறும் எண்ணெய் ஓரிரு சொட்டு சில நாள் விட்டால் குறும்பி இளகும். குறும்பி அடைப்பு மலைக்கும் பஸ்ஸுக்கும் கட்டுப்படாது. தலைக்குக் குளித்ததும் நீரில் ஊறி உப்பி, ‘கப்’பென்று அடைக்கும். விழுங்கினாலும் ஊதினாலும் அசையாது. பட்ஸ் விட்டுக் குடைந்தால் உள்ளே இன்னும் தள்ளுவோம், அவ்வளவுதான்.

மூக்கில் விடும் சொட்டு மருந்தையும் சொல்ல வேண்டும். சளியோடு இறங்கியே ஆக வேண்டும் என்றால் அரை மணி முன்பு விட்டுக்கொள்வது பெரியவர்களுக்குக் கைகொடுக்கலாம். நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கே அதற்கு அடிமையாகி மறுபடி அடைக்கும். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

எந்த அடைப்பு என்று குழம்பினால் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ, நடுக்காதோ. நல்ல காதில் பலமாகக் கேட்டு, அடைத்த காது திடீரென மந்தமாகியும் இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். எண்ணெய், மிட்டாய், ஊதல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும், அதில் நாள் போகப் போக மருந்து பிடிக்கும் வாய்ப்புக் குறையும். தலைசுற்றல், சீழ், ரத்தம், தாங்க முடியாத வலி என்றாலும் அப்படியே. வெறும் சளி அடைப்பு ஓரிரு வாரத்தில் தானே விடும். ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்தே கிடந்தால் மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்று அத்தை காய்ச்சிய எண்ணெய் வீணாகவில்லை. பூண்டை வடித்துவிட்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டார். என் காது மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரை வாயில் வைத்தபோது ‘டப்’பென்று திறந்தது. இப்போதெல்லாம் ஏற்காட்டில் பஸ் கிளம்பி, இறங்கும் வழியின் முதல் வளைவு வருவதற்குள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துவிடுகிறேன்.